பிரபாவதிக்கு ஒரு காரணம்

இன்று காலை நம் வீட்டுக் கூடத்தில் புதுச் சேலை வாசம் அடித்தது. கடை மடிப்புக் கலையாத சேலை, அதன்மேல் கொழுந்து வெற்றிலை, மஞ்சள், கதம்பம். நம் பாக்கியத்துக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டை என் முன்னால்தான் வைத்தார்கள். உன் தங்கச்சிக்கு இன்றைக்கு அப்பன், ஆத்தா, அக்கா என்று யாரும் இல்லாததால், பெண் கொடுக்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்து சபையைக் கும்பிட்டால் பரிசம் முடிந்தது. ஒரு பெண் சேலை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அந்த நேரம் நகரவே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த சம்பந்தி, "என்னங்க, மேலுக்கு முடியலயா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லங்க, புழுக்கமா இருக்கு" என்றேன். கார்த்திகை மாதம், வெளியே தூறிக்கொண்டிருக்கிறது. அந்த மனுஷர் என்ன நினைத்தாரோ.

அரக்குச் சேலை சரசரக்க அவள் வெளியே வந்து கும்பிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ இருந்திருந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருப்பாய். இருபது வருஷமாகியும் இந்த மனுஷனுக்குப் பயம் தெளியவில்லை பார் என்று யாரிடமாவது சொல்லியும் இருப்பாய்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் பக்கத்தை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை, இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். எனக்கு இருபத்து மூன்று வயது. சமஸ்தான ஆபீசில் குமாஸ்தா. இனி அந்த ஆபீஸ் இருக்குமா, அதில் நான் இருப்பேனா என்றே தெரியாது. என் அம்மாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "எந்தம்பி மக இருக்கா. அவளக் கட்டிப்புட்டா எல்லாம் தானா சரியாப் போகும்" என்று சொல்லி, ஐப்பசியில் நாள் பார்த்து, குன்றாண்டார்கோவில் பக்கம் உங்கள் ஊருக்கு இரண்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நீ எனக்கு மாமன் மகள். முறைப்பெண்ணிடம் சம்மதம் கேட்கிற வழக்கம் எங்கே இருந்தது? தையில் கல்யாணம் என்று வண்டியிலேயே முடிவாகிவிட்டது.

நீ தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். நான் புது வேட்டியைச் சரி செய்தபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாய். கட்டியிருந்தது அதே பழைய சேலை. கையில் தட்டு, வைத்தது வைத்தபடி. என் அம்மாவின் முன்னால் அதை இறக்கிவைத்து, "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்த்தை" என்றாய்.

"ஏண்டி?"

"வேணாம்னா வேணாம்."

மாமா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். நீ யாரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாசற்படியையே பார்த்தபடி நின்றாய். திரும்பி வரும்போது வண்டியில் என் அம்மா அழுதுகொண்டே வந்தாள். "அவ உள்ள போனவொடனே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே, காதுல விழுந்துச்சாடா ஒனக்கு? நம்மளப் பாத்துத்தான் சிரிச்சிருக்கா. அம்புட்டுத் திமிரு." எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. ஆனால் அவள் சொல்லச் சொல்ல எனக்கும் அந்தச் சிரிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

இரண்டு வருஷம் போயிற்று. ஆபீஸ் விஷயமாகக் கீரனூர் போயிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறேன், எதிரே நீ நிற்கிறாய். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயதுக்குக் குறையாது. உன் தங்கச்சி. மூத்தவள் கல்யாணத்துக்கு நிற்கும்போது தம்பி பெண்டாட்டி பிள்ளை பெற்றிருக்கிறாளே என்று என் அம்மா வீட்டில் கேலி பேசிக் கேட்டிருக்கிறேன், அப்போதுதான் நேரில் பார்த்தேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ நேராக என்னிடம் வந்தாய்.

"மச்சான், ஒங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலயாமே?"

"ஆகல."

"எனக்கும் ஆகல" என்றாய், ஏதோ மழை பெய்யவில்லை என்று சொல்வது போல.

நான் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் எட்டி என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். அதைப் பிடுங்க நீ பட்ட பாடும், அவள் விடமாட்டேன் என்று போட்ட கூச்சலும்! இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பஸ் வந்தது, நீ ஏறிப் போனாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம், கட்டினால் உன்னைத்தான் கட்டுவேன் என்று சொன்னேன். மூன்று நாள் சாப்பிட மாட்டேன் என்று படுத்தாள். நாலாம் நாள் எழுந்து நாள் பார்க்கப் போனாள்.

கல்யாணம் ஆகி உன்னோடு நன்றாகத்தான் வாழ்ந்தேன். ஆனால் ஏன் அன்றைக்கு வேண்டாம் என்றாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் நான் இறங்கிப் போன மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நீயும் சொல்லவில்லை. உன் ஆத்தா, அதான் என் அத்தை, செத்துப்போய், எட்டு வயதுப் பாக்கியத்தை நீ நம் வீட்டுக்கு அழைத்துவந்து புதுக்கோட்டையிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் எனக்கு எதுவும் புரியவில்லை. நமக்குப் பிள்ளை இல்லாத குறையை அவள் தீர்த்தாள் என்பதோடு சரி.

அந்த வீம்பு சும்மா இருக்குமா? கதையாகப் போய் நின்றது. சாயங்காலங்களில் புனைபெயரில் நான் எழுதிக்கொண்டிருந்த சின்னக் கதைகளைப் பார்த்துவிட்டு, ஒரு வார இதழின் ஆசிரியர் "நல்ல காதல் தொடர்கதையாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு எழுதினார். எனக்குத் தெரிந்த காதல் கதை ஒன்றே ஒன்றுதான். ஊரைத் தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றினேன். மாட்டு வண்டியைக் கார் ஆக்கினேன். உன்னைப் பிரபாவதி ஆக்கினேன். நாலு பேர் நடுவில் நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன், பிறகு உள்ளே போய்த் தோழிகளோடு விழுந்து விழுந்து சிரிக்கவும் வைத்தேன். கதாநாயகன் மட்டும் தங்கக் கம்பி. அவனை எவ்வளவு நல்லவனாக எழுதினேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

பிரபாவதியை ஊரே திட்டியது. ஆசிரியர் வாசகர் கடிதங்களைக் கட்டாகக் கட்டி அனுப்புவார். இவளுக்கு அம்மை போட வேண்டும், இவள் கிணற்றில் விழ வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். நம் வீட்டிலேயே ஒரு வாசகி இருந்தாள். வெள்ளிக்கிழமை இதழ் வந்ததும் பாக்கியம் பள்ளிக்கூடப் பையைக் கூடக் கழற்றாமல் உனக்கு உரக்க வாசிப்பாள். வாசித்து முடித்து, படத்தில் இருக்கும் பிரபாவதிக்குப் பென்சிலால் மீசை வரைவாள். "மச்சான், இவள எப்பத்தான் சாகடிப்பீங்க?" என்று என்னிடம் வந்து கேட்பாள். "பொறு பொறு" என்பேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நீ ஒன்றும் சொல்லமாட்டாய். கதை தஞ்சாவூரில் நடப்பதால் உனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடையன்!

பதினாலாம் வாரம் ஆசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கதாநாயகியை வாசகர்கள் வெறுப்பது சரி, ஆனால் அவள் ஏன் அப்படி நடந்தாள் என்று நம்பும்படி ஒரு காரணம் வேண்டும். காரணம் வந்துவிட்டால் அவளே எல்லோருக்கும் பிடித்தவளாகிவிடுவாள். கதை புத்தகமாக வருவதும் அதைப் பொறுத்தது என்று எழுதியிருந்தார். புத்தகம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ஆபீசுக்கு லீவு போட்டேன். பாக்கியம் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நீ அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய். கார்டை வாசித்துக் காட்டிவிட்டு, யோசித்து வைத்திருந்த காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

"அவளுக்கு வேற ஒருத்தன் மேல ஆசைன்னு வச்சுக்கிட்டா?"

"பதினாலு வாரமா அந்த ஒருத்தனுக்கு ஒரு லெட்டருகூட போடலயே அவ. அப்படி என்ன ஆசை?"

"சரி, பணத் திமிரு. ஏழை மாப்பிள்ளை வேணாங்குறா."

"போன மாசந்தான் அவ வேலக்காரிக்கு ஒடம்புக்கு முடியலன்னு கஞ்சி வச்சுக் குடுத்தான்னு எழுதுனீங்க. பணத் திமிரு புடிச்சவ கஞ்சி வைப்பாளா?"

நான் எழுதியதை நானே மறந்துவிட்டேன், நீ மறக்கவில்லை. "படிச்ச பொண்ணு, அடங்கி நடக்க இஷ்டமில்ல" என்றேன். "அப்படின்னா அவ அதச் சபையிலேயே சொல்லியிருப்பா. அடங்காதவளுக்கு எதுக்கு ஒளிவு மறைவு?" என்றாய், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எதச் சொன்னாலும் நொட்டை சொல்லு! அப்ப ஒரு காரணமும் இல்ல. வெறும் திமிருதான். அதான் தட்டக் குடுத்துட்டு உள்ள போயிச் சிரிச்சாளே!"

உன் கை நின்றது.

"நான் சிரிக்கல" என்றாய்.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். முதல் வாரத்திலிருந்தே உனக்குத் தெரிந்திருக்கிறது. பதினாலு வாரம், உன்னை நான் ஊர் முழுக்கத் திட்ட வைத்ததை, உன் தங்கச்சி வாயாலேயே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

"உள்ள கேட்டது எங்க ஆத்தா அழுத சத்தம். அது சிரிச்ச மாதிரி கேட்டிருக்கும் ஒங்க அம்மாவுக்கு" என்றாய். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாய். குரல்கூட உயரவில்லை.

அன்றைக்கு அத்தை மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். மாமாவைத் தவிர யாருக்கும் தெரியாது. தையில் உன் கல்யாணம் என்றால், மணவறை ஓரத்தில் மாமியார்க்காரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். ஊர் சிரிக்கும், சம்பந்தி வீட்டு முகத்தில் எப்படி விழிப்பது என்று அத்தைக்குத் தூக்கமே இல்லை. பரிசத்தன்று காலையில் கொல்லையில் ஒரு கலயத்தில் ஏதோ அரைத்து மூடி வைத்திருந்ததை நீ பார்த்துவிட்டாய். கேட்டதற்கு, மருத்துவச்சி கொடுத்த மருந்து, பரிசம் முடிந்து எல்லோரும் கிளம்பினதும் குடித்துவிடுவேன் என்று அத்தையே சொல்லிவிட்டாள். முந்தின வருஷம் உங்கள் தெருவில் ஒருத்தி அதே மருந்தைக் குடித்து, பிள்ளையோடு சேர்ந்து அவளும் போய்விட்டாள். அது உனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

"தட்டோட உள்ள போயி, 'எனக்குக் கல்யாணமே வேணாம்னு சொல்லப் போறேன், நீ அந்தக் கலயத்தக் கவுத்துரு'ன்னேன். ஆத்தா எங்காலப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. வேணாண்டி, ஒன் வாழ்க்கை போயிரும்னுச்சு. நான் கால உருவிக்கிட்டு வெளிய வந்தேன்."

"தேதியத் தள்ளி வைக்கச் சொல்லிருக்கலாமே?" என்றேன்.

"தள்ளி வைக்கச் சொன்னா ஏன்னு கேப்பீங்க. ஒங்க அம்மா கேக்காம விடுவாகளா? தோண்டித் துருவி எடுத்துருவாக. காரணமே இல்லன்னா, திமிரு புடிச்சவன்னு திட்டிட்டு வண்டியேறிருவீங்க. அதான் வேணும் எனக்கு."

"என்கிட்டயாவது..."

"நீங்க கேட்டிருந்தா சொல்லிருப்பேனோ என்னமோ. ஒருநாளும் கேக்கலயே."

நீ மறுபடியும் கீரையை உருவ ஆரம்பித்தாய். பரிசம் ஐப்பசியில், பாக்கியம் பிறந்தது அடுத்த சித்திரையில். இதை ஒருநாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் தோன்றவில்லை. பெரிய கதாசிரியர்!

வெட்கக்கேடு என்னவென்றால், கொஞ்ச நேரத்தில் என் புத்தி கதைக்குப் போய்விட்டது. இதைவிட நல்ல காரணம் எந்தக் கதாநாயகிக்குக் கிடைக்கும்? பிரபாவதியின் அம்மாவுக்கும் அப்படி ஒன்று என்று எழுதினால் ஊரே அழும். உன்னிடம் கேட்டும் விட்டேன். நீ எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ என்னிடம் எதற்கும் கெஞ்சினதில்லை. அன்றைக்குக் கெஞ்சினாய்.

"எழுதாதீங்க மச்சான். பாக்கியம் வாசிக்கிது. அது கெட்டிக்காரப் புள்ள, நீங்க ஊர மாத்துனாலும் பேர மாத்துனாலும் ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் கண்டுபுடிச்சுரும். பெத்த ஆத்தாவே நம்மள வேணாம்னு மருந்து அரைச்சுச்சுன்னு அதுக்குத் தெரியக்கூடாது. பிரபாவதி திமிரு புடிச்சவளாவே இருந்துட்டுப் போகட்டும்."

நான் எழுதவில்லை. ஆனால் பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துவிடாதே. மூன்று மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன். உண்மையான காரணம் தெரிந்த பிறகு பொய்க் காரணம் எழுத வரவில்லை. என்னத்தை எழுதினாலும், நீ கீரை உருவிக்கொண்டே அதை நொறுக்குவது காதில் கேட்டது. கடைசியில் பிரபாவதி காரணம் சொல்லாமலேயே மனம் மாறினாள், கல்யாணம் நடந்தது, முற்றும். கதாநாயகி மனசில் என்ன இருந்தது என்று கதாசிரியருக்கே தெரியவில்லை என்று ஒரு வாசகர் எழுதினார். புத்தகம் வரவில்லை. அந்த ஆசிரியர் அதற்குப் பிறகு என்னிடம் கதை கேட்கவும் இல்லை.

கடைசி வாரம் வந்த வெள்ளிக்கிழமை எனக்கு மறக்காது. நீ பாக்கியத்தை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாய். அவள் வாசித்து முடித்து இதழைத் தூக்கி எறிந்தாள்.

"ச்சீ, கடைசிவரைக்கும் இவளுக்கு ஒரு தண்டனையும் இல்ல. இவள மாதிரி எனக்கு ஒரு அக்கா இருந்தா நான் வீட்ட விட்டே ஓடிருவேன்."

"அம்புட்டுக் கெட்டவளாடி அவ?"

"ஆமாக்கா! நல்லவன்னா ஏன் வேணாம்னா? சொல்ல வேண்டியதுதானே?"

"தலைய ஆட்டாத, சடை கோணப் போகுது" என்றாய். பின்னி முடித்து, அவள் உச்சியில் ஒரு முத்தம் கொடுத்தாய். நான் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். எனக்கு அழுகை வந்துவிட்டது, கடைக்குப் போவது போல வெளியே போய்விட்டேன். உன்மேல் இருந்த கோபம் அன்றைக்குத்தான் தீர்ந்தது.

அதற்குப் பிறகு நாலு வருஷம்கூட நீ இருக்கவில்லை. மஞ்சள் காமாலை என்றார்கள், கீழாநெல்லி கொடுத்தோம், பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். கடைசி வாரத்தில் உனக்குப் பேசவே தெம்பில்லை. பாக்கியம் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்தாய். "அதுக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றாய். எது என்று நான் கேட்கவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். நீ போன பிறகு அதைத் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

இப்போது இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். பரிசம் முடிந்து பந்தியும் முடிந்தது. சம்பந்தி வீட்டார் திருச்சி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். சாயங்காலம் நான் கூடத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பாக்கியம் புதுச் சேலையோடு வந்து எதிரே நின்றாள். முகம் சரியில்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளேன்."

"நான் சேலை மாத்தும்போது உள்ள நம்ம ஊருப் பெரியம்மா நின்னாக. 'ஒங்கக்காக்காரி மாதிரி தட்டத் திருப்பிக் குடுத்துறாதடி'ன்னு சொல்லிச் சிரிக்கிறாக. அக்கா ஒங்க தட்டத் திருப்பிக் குடுத்துச்சாமே, நெசமா?"

எந்தக் கிழவியோ பல்லைக் காட்டிக்கொண்டு சொன்ன ஒரு வார்த்தையில், நீ இத்தனை வருஷம் காப்பாற்றியது என் முன்னால் வந்து நிற்கிறது.

"பிரபாவதி... அக்காதானா மச்சான்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இதில் பொய் சொல்லிப் பயனில்லை, அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏன் வேணாம்னுச்சு? அது எப்ப? நான் பொறக்கறதுக்கு முந்தியா, பொறந்த பிறகா?"

நீ சொன்னது சரிதான். கெட்டிக்காரப் பிள்ளை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் போதும், மாதத்தை எண்ணத் தொடங்கிவிடுவாள். இந்தப் பத்தொன்பது வயதில், பரிசச் சேலையோடு நிற்கும் நாளில், தன்னைப் பெறாமலிருக்க ஆத்தா மருந்து அரைத்து வைத்திருந்தாள் என்று தெரிந்துகொள்வாள். ஒன்றும் சொல்லாமல் விட்டால், நீ திமிர் பிடித்தவள் என்றே நினைத்துக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போவாள். யாருக்காக அந்தக் கெட்ட பெயரை வாங்கினாயோ, அவளே அப்படி நினைப்பதா? அதையும் என்னால் தாங்க முடியாது. யோசிக்க நேரம் இல்லை. வாய் தானாகப் பேசியது.

"அதெல்லாம் ரொம்ப முந்தி. தப்பு என்மேல பாக்கியம். அந்த வயசுல நான் வேற ஒரு பொண்ணு பின்னாடி சுத்திக்கிட்டிருந்தேன். கூட வேலை பாத்தவரோட தங்கச்சி. லெட்டரெல்லாம் எழுதுனேன். அதுல ஒண்ணு எப்படியோ ஒங்கக்கா கையில கெடச்சிருச்சு. பரிசத்தன்னைக்குக் காலையிலதான் கெடச்சுதாம்."

அவள் கண் விரிந்தது. "அய்யய்ய! அப்பறம்?"

"அப்பறம் என்ன? சபையில அதச் சொன்னா எம்மானம் போகும், எங்கம்மா மானமும் போகும். அதனால காரணமே சொல்லாம வேணாம்னுட்டா. ரெண்டு வருஷம் கழிச்சு நான் ஒழுங்கா ஆனப்பறந்தான் கட்டிக்கிட்டா."

பதினாலு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டும் வராத காரணம், பாயைச் சுருட்டிக்கொண்டே வந்துவிட்டது. நீ இருந்தால் எங்கே நொட்டை சொல்வாய் என்று சொல்லிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். சொல்ல ஒன்றும் இருக்காது என்றுதான் தோன்றுகிறது.

பாக்கியத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"எங்கக்காவ ஊரே திமிரு புடிச்சவன்னு பேசிருக்கு. அது ஒங்கள ஒரு எடத்துலயும் விட்டுக்குடுக்கலயே மச்சான். அத்தனையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அதப் பிரபாவதின்னு எழுதி, அது காதுலயே என்னைய வாசிக்க வச்சீங்களே! நான் என்னென்ன சொல்லிருப்பேன்! ஒங்களுக்கு மனசாட்சியே இல்லயா?"

"இல்லதான்" என்றேன்.

"அக்கா மாதிரி ஒரு பொம்பள கெடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் காப்பி போட்டாள். பாத்திரம் கழுவ வந்த பொம்பளைக்குக் கொடுத்தாள், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தாள். என் தம்ளரை மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலில் நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். சர்க்கரை போடவே இல்லை. உன் பெயர் இந்த வீட்டில் நல்லபடியாகிவிட்டது. கெட்ட பெயர் இனிமேல் என்னுடையது, சாகிற வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.